ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா வட்டாரத்தில் பட்டறை நடத்தும் மெக்கானிக்குகளுக்கும் வேன், டாக்சி, ஜீப் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரின் குளிர்விப்பு அமைப்பு முழுக்க மூடப்பட்ட ஒரு சுற்று. என்ஜின் பிளாக், சிலிண்டர் ஹெட், தெர்மோஸ்டாட், ரப்பர் ஹோஸ்கள், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என எல்லாவற்றையும் சுற்றிவரும் கூலன்ட், புறப்பட்ட இடத்துக்கே மறுபடி வந்து சேருகிறது. பெட்ரோல், டீசல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது. ரிசர்வ் டேங்கிலிருந்து நாளடைவில் மிகச் சிறிதளவு ஆவியாகலாம். அதற்கு மேல் குறைய வழியில்லை. வாரத்துக்கொரு முறை ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால், வெயிலுக்குக் குறையத்தான் செய்யும் என்று அதை விட்டுவிட முடியாது. எங்கோ ஓர் இடத்தில் கசிவு இருக்கிறது. அந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது பிரஷர் டெஸ்ட் எனப்படும் அழுத்தச் சோதனை. பாகம் எதையும் கழற்ற வேண்டியதில்லை. என்ஜினை ஓட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். தண்ணீர் குறையும் எந்த வண்டிக்கும் பட்டறையில் நடக்கும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதே இம்மடல் சொல்லவரும் செய்தி.

இந்த வட்டாரத்து வண்டிகளுக்கு இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பும் வேன்கள், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொண்டுசேர்க்கும் டாக்சிகள், பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை மலைக் கிராமங்களுக்கு ஏறும் ஜீப்புகள் ஆகிய எல்லாமே ஆள் நிறைந்து ஓடுபவை. மலையேற்றத்தில் என்ஜின் தன் முழு வலுவையும் காட்டுகிறது. வண்டியோ மெதுவாகவே நகர்கிறது. வெப்பம் மிகுதி, ரேடியேட்டருக்குள் புகும் எதிர்க்காற்று குறைவு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் இதே நிலைதான். சமதளத்தில் மாதக்கணக்கில் தெரியாமலிருக்கும் சிறு கசிவு, இத்தகைய ஏற்றத்தில் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும்.

அழுத்தம் எதற்கு?

கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இன்றைய என்ஜின்களில் கூலன்ட் சாதாரணமாகவே 85 முதல் 105 டிகிரி வரை சூடாகிறது. சிலிண்டர் ஹெட்டில் எரியறையை ஒட்டிய பகுதிகளில் சூடு இதைவிட அதிகம். அங்கே தண்ணீர் கொதித்து நீராவிக் குமிழாக மாறினால், குமிழ் உள்ள இடத்தில் உலோகத்திலிருந்து வெப்பம் கடத்தப்படாது. அந்த இடம் மட்டும் காய்ந்து, ஹெட் வளையத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வால்வு வைத்து, உள்ளே அழுத்தத்தைத் தேக்குகிறார்கள்.

மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். 1.1 பார் மூடி என்றால் 121 டிகிரியைத் தாண்டும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டுக்கு இந்த எல்லை இன்னும் சில டிகிரி உயரும். 0.1 பார் அழுத்தம் குறைந்தால் கொதிநிலை சுமார் 2 டிகிரி இறங்குகிறது. எனவே கசிவினால் இரண்டு நட்டங்கள் உண்டு: கூலன்ட் வெளியேறுகிறது, எஞ்சியிருக்கும் கூலன்டும் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தும் வண்டி ஹீட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நின்ற வண்டியில் கசிவு தெரியாதது ஏன்?

என்ஜின் ஆறியதும் உள்ளே அழுத்தம் இல்லாமல் போகிறது. அழுத்தம் இல்லாதபோது மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே தள்ளப்படுவதில்லை. ஓடும்போதோ, வெளியேறும் துளிகள் சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடுகின்றன. எதிர்க்காற்று மிச்சத்தை அடித்துச் சென்றுவிடுகிறது. ஆக, கசியும் நேரத்தில் பார்க்க முடிவதில்லை. பார்க்க முடியும் நேரத்தில் கசிவதில்லை. தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

அழுத்தச் சோதனை இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போதே, ஓடும் நேரத்து அழுத்தத்தைக் கைப்பம்பால் உண்டாக்குகிறது. பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதும் இதே தர்க்கம்தான். கசியும் நீர் ஆவியாகாமல் ஈரமாகவே நிற்பதால் இடம் பளிச்சென்று தெரிகிறது.

தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதிக்கு அழுத்தச் சோதனை புதிதல்ல. தொழிற்சாலை பாய்லர்களுக்கு நீரழுத்தச் சோதனை நடத்தும் நடைமுறை, 1923-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டக் காலத்திலிருந்தே இருந்துவருகிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாட்டை மனத்தில் நிறுத்த வேண்டும். பாய்லரை அதன் வேலை அழுத்தத்துக்கு மேலேயே ஏற்றிச் சோதிப்பார்கள். கலனின் வலிமையை உறுதிசெய்வதே அங்கே நோக்கம். காரில் மூடியின் மேல் குறித்த அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. இங்கே தேடுவது கசிவை மட்டுமே. மீறி அடித்தால் நன்றாக இருந்த பிளாஸ்டிக் டேங்கும் பழைய ஹோஸும் சோதனையாலேயே கெட்டுப்போகும்.

கருவி

சோதனைக் கருவி எளிமையானது: ஒரு கைப்பம்பு, அழுத்தம் காட்டும் மீட்டர், அழுத்தத்தை வெளியேற்ற ஒரு வால்வு, வெவ்வேறு வண்டிகளின் ரேடியேட்டர் வாய்க்குப் பொருந்தும் அடாப்டர்கள். சில ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டியோடு கிடைக்கிறது. ஒரே ஒரு ஹெட் கேஸ்கெட் வேலையைத் தவிர்த்தாலே அந்தப் பணம் திரும்பிவிடும்.

மீட்டரில் அளவுகள் பலவாறு இருக்கும். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.; ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்ற எண் பரவலாகக் காணப்படும். ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றில் 1.4 வரை போகும். எண் அழிந்துபோன மூடியையோ வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட மூடியையோ நம்பி அழுத்தம் ஏற்றக் கூடாது. அந்த மாடலுக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய மூடியில் டயர் டியூபின் வால்வைப் பொருத்திச் சொந்தமாகக் கருவி செய்துகொள்ளும் பட்டறைகள் உண்டு. மீட்டரும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வழியும் சேர்த்துப் பொருத்தி, கைப்பம்பால் மட்டும் காற்றடித்தால் அது பயன்படும். கம்ப்ரசர் குழாயை மட்டும் ஒருபோதும் அதில் செருகக் கூடாது. பட்டறைக் கம்ப்ரசர் டேங்கில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று நிற்கிறது. ரேடியேட்டருக்குத் தேவை 13 முதல் 16 பி.எஸ்.ஐ. கண் இமைக்கும் நேரத்தில் டேங்க் வெடித்து, அருகில் குனிந்திருப்பவரின் முகத்தில் துண்டுகள் பாயும்.

சோதனைக்கு முன்

முதல் விதி, என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரில் கூலன்ட் 100 டிகிரிக்கு மேல் கொதிக்காமல் நிற்பது அழுத்தத்தின் பலத்தால்தான். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும். கூலன்டின் ஒரு பகுதி உடனே நீராவியாகி, மீதியையும் தூக்கிக்கொண்டு வெளியே பீறிடும். முகமும் கைகளும் வெந்துபோக ஒரு நொடி போதும். மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்தினால் சுடாமலும் விறைப்பில்லாமலும் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சாலையோரத்தில் ஹீட் ஆகி நிற்கும் வண்டிக்கும் இதே விதிதான். அவசரத்தில் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால், காய்ந்த அலுமினிய ஹெட் திடீரெனச் சுருங்கி வளையவோ விரிசல் விடவோ செய்யும்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்றிடம் அதிகம் இருந்தால் அழுத்தம் ஏற நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கும். காற்று நிற்கும் மேற்பகுதியில் உள்ள துளை வழியே தண்ணீருக்குப் பதில் காற்று மட்டும் வெளியேறி, ஈரம் தெரியாமல் போகும். பிறகு ரேடியேட்டர் வாயின் விளிம்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பள்ளமோ வெள்ளைப் படிவோ இருந்தால் புது மூடி போட்டாலும் அது அழுத்தம் தாங்காது. என்ஜினின் வெளிப்புறத்தையும் துணியால் உலர்த்தி வைத்தால், புதிதாக வரும் ஈரத்தை எளிதில் பிரித்தறியலாம்.

சோதனை

அடாப்டரை இறுக்கமாகப் பொருத்தி, மெதுவாகப் பம்பு அடிக்க வேண்டும். மீட்டர் முள் மூடியின் எண்ணை எட்டியதும் நிறுத்த வேண்டும். முதல் ஓரிரு நிமிடங்களில் முள் சற்று இறங்குவது இயல்பு. ரப்பர் ஹோஸ்கள் விரிந்து கொடுப்பதால் அப்படி நேர்கிறது. மறுபடி ஒருமுறை ஏற்றிவிட்டு, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் அந்த நேரத்தில், அந்தச் சூட்டில், கசிவில்லை என்று கொள்ளலாம். மெல்ல மெல்ல இறங்கினால் சிறு கசிவு. ஏற்ற ஏற்ற விழுந்தால் பெரிய கசிவு. அதைக் காதாலேயே கேட்கலாம். பட்டறையில் சத்தத்தைக் குறைத்துவிட்டு உற்றுக் கேட்டால் சீறும் ஒலி வரும் திசை தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. என்ஜின் பாதி சூட்டில் இருக்கும்போது சோதித்தால், அது ஆற ஆற உள்ளே இருக்கும் கூலன்டும் காற்றும் சுருங்கி, கசிவே இல்லாமலும் முள் இறங்கும். இதைக் கசிவென்று எண்ணி நல்ல பாகத்தைக் கழற்றியவர்கள் உண்டு. முழுக்க ஆறிய என்ஜினில் எடுக்கும் அளவுதான் நம்பகமானது.

ஆறிய நிலையில் முள் நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து வண்டியை அனுப்பிவிடக் கூடாது. சில கசிவுகள் உலோகம் விரிந்த பிறகே திறக்கும். வேறு சில, சூட்டில் மூடிக்கொண்டு குளிரில் மட்டும் கசியும். கிளாம்ப் தளர்ந்த ஹோஸ் முனைகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வண்டி ஹீட் ஆகிறது என்ற புகார் இருந்து, ஆறிய சோதனையில் எதுவும் அகப்படாவிட்டால், கருவியைப் பொருத்திய நிலையிலேயே என்ஜினை ஓடவிட்டு, மீட்டரைக் கண்காணித்தபடி இரண்டாவது சோதனை செய்ய வேண்டும். கருவி மூடியின் இடத்தில் இருப்பதால் மூடியின் வால்வு அப்போது காவலுக்கு இல்லை. முள் குறித்த எண்ணை நெருங்கினால் உடனே வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

எங்கே பார்ப்பது?

தேடுதலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாகப் போவது நல்லது. நீர் கீழ்நோக்கி வழிவதால், ஈரம் தெரியும் இடமே கசிவின் இடம் என்று கொள்ள முடியாது. ஈரத்தின் மிக உயரமான புள்ளியே மூலம்.

ரேடியேட்டரில் முதலில் பார்க்க வேண்டியது, அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் மடித்துப் பிடிக்கப்பட்டிருக்கும் விளிம்பு. பல ஆண்டு வெயிலில் பிளாஸ்டிக் சுருங்கி, இடையில் உள்ள ரப்பர் வளையம் கெட்டியாகி, அங்கே நீர் கசியத் தொடங்கும். அடுத்து மேல், கீழ் ஹோஸ்களின் முனைகள். கிளாம்புக்கு அடியில் ரப்பர் வெடித்திருக்கலாம். கையால் அழுத்தினால் நொறுங்குவது போல் ஒலிக்கும் ஹோஸையும், எண்ணெய் பட்டு ஊறி உப்பிய ஹோஸையும் கசிவில்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்ததும் அந்தத் துளை வழியாக நீர் வெளியேறும்படி வேண்டுமென்றே வைத்தது அது. அங்கே ஈரமோ, காய்ந்த பச்சை, சிவப்புத் தடமோ இருந்தால் பம்பின் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள், கசியும் நீரைப் பம்பின் பேரிங்குக்குள் திருப்பிவிடுகிறார்கள். சில நாளில் பேரிங் இறுகும், பெல்ட் அறும். டைமிங் பெல்ட்டே பம்பைச் சுழற்றும் வண்டிகளில் அது என்ஜினையே காவு வாங்கிவிடக்கூடும்.

தெர்மோஸ்டாட் மூடியின் கேஸ்கெட், சென்சார் பொருத்திய இடம், ரிசர்வ் டேங்கின் தையல் விளிம்பு, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகள் ஆகியவை அடுத்த இடங்கள். அந்தத் தகட்டு மூடிகளில் உள்ளிருந்து துரு தின்றிருக்கும். வெளியே சிறு கொப்புளம் போலத் தெரியும். என்ஜின் இருக்கைக்கு அடியிலும் ரேடியேட்டர் முன்பக்கத்திலும் இருக்கும் வேன்களில், இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுகின்றன. சேறும் கல்லும் அடித்து அவை துருப்பிடிக்கும். வண்டியைத் தூக்கிப் பார்க்காமல் அந்தச் சோதனை முழுமையாகாது. கைக்கும் கண்ணுக்கும் எட்டாத மூலைகளுக்கு, கூலன்டில் ஒளிரும் சாயம் கலந்து சிலநாள் ஓட்டியபின் புற ஊதா விளக்கடித்துப் பார்க்கும் வழி இருக்கிறது.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமில்லை

சோதனையின் உண்மையான மதிப்பு தெரிவது இந்தக் கட்டத்தில்தான். வெளியே சொட்டு இல்லாமல் அழுத்தம் குறைந்தால் கசிவு உள்ளே இருக்கிறது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர். வெப்ப ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. ஆனால் பல வண்டிகளில் கூலன்ட் அதன் வழியாக எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. முன்பக்கத் தரைவிரிப்பின் அடியில் ஈரம், இனிப்பு கலந்த வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூட்டம் ஆகியவை இதன் அடையாளங்கள். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீருக்கு நிறமும் வாடையும் இராது. அதைக்கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

இரண்டு, ஹெட் கேஸ்கெட். எரிதல் நடக்கும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் என்ஜினில் பல பத்து பாரும், டீசலில் 100 பாருக்கு மேலும் அழுத்தம் எழுகிறது. கூலன்டில் இருப்பது 1 பார்தான். கேஸ்கெட் எரிந்திருந்தால் என்ஜின் ஓடும்போது புகைவாயு கூலன்டுக்குள் தள்ளப்படும். நிறுத்தியபின் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். கருவியைப் பொருத்தி என்ஜினை ஓடவிட்டதும், சூடாகும் முன்பே முள் விறுவிறுவென ஏறினாலோ துடித்தாலோ காரணம் இதுதான். உடனே என்ஜினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். உறுதிப்படுத்த, ஆறிய என்ஜினில் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட்டு, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கலாம். ஒரு பிளக் மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. ரேடியேட்டர் வாயில் வைத்து அதன் மேல்காற்றை உறிஞ்சிப் பார்க்கும் நீலத் திரவமும் கிடைக்கிறது. புகைவாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அதன் நிறம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் மூடியின் அடியிலும் பால் கலந்தது போன்ற நிறம் தெரியும்.

இந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க அவசரப்படக் கூடாது. தண்ணீர் அழுந்தாது. சிலிண்டர் நிறையத் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கேஸ்கெட் செலவு முழு என்ஜின் செலவாகிவிடும்.

மூன்று, டீசல் வண்டிகளின் இ.ஜி.ஆர். கூலர், ஆயில் கூலர், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர் ஆயில் கூலர் ஆகியவை. பி.எஸ். 4, பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இ.ஜி.ஆர். கூலர் பரவலாக இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் நேராகப் புகைவழியில் கலந்து வெள்ளை ஆவியாகப் போய்விடும். ஆயில் கெடாது, தரையிலும் சொட்டாது. ஹெட் கேஸ்கெட்தான் என்று ஹெட்டை இறக்குவதற்கு முன் இந்தக் கூலரைத் தனியே கழற்றிச் சோதிப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் நியாயம்.

மூடியும் ஒரு பாகம்

முள் அசையாமல் நின்று, உள்ளும் புறமும் கசிவில்லை என்று தெரிந்த வண்டியிலும் தண்ணீர் குறையலாம். அப்போது குற்றவாளி மூடி. சோதனையின்போது மூடியின் இடத்தில் கருவி இருப்பதால், மூடியின் கோளாறு அதில் தெரியாது. அதற்கென உள்ள அடாப்டரில் மூடியின் ரப்பரை நனைத்துப் பொருத்தி, தனியே அழுத்தம் ஏற்ற வேண்டும். 0.9 என்று பொறித்த மூடி 0.75-க்கும் 1.05-க்கும் இடையில் திறந்தால் நல்லது என்று ஜப்பானிய வண்டிகள் சிலவற்றின் கையேடுகள் கொள்கின்றன. அதற்கு மிகக் கீழே திறந்துகொள்ளும் மூடி, கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளி, அங்கிருந்து வெளியே வழியவிடும். திறக்கவே திறக்காத மூடி அதைவிட ஆபத்தானது. ஹோஸையோ டேங்கையோ வெடிக்கவைக்கும்.

மூடியின் நடுவில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. என்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்க அது திறக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். மூடியின் விலை அற்பம்; அதன் வேலை அற்பமானதல்ல.

சோதனை சொல்லாதவை

வண்டி ஹீட் ஆவதற்குக் கசிவு மட்டும் காரணமல்ல. சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், ஓடாத ஃபேன், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப், உள்ளே உப்புப் படிந்தோ வெளியே தூசும் பூச்சியும் அடைத்தோ கிடக்கும் ரேடியேட்டர் ஆகியவற்றை அழுத்தச் சோதனை காட்டாது. சோதனையில் தேறிய வண்டி ஹீட் ஆனால் இவற்றை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். கசிவில்லை என்று உறுதியான பிறகு பார்ப்பதால் தேடும் வட்டம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த மண்ணின் தண்ணீர்

கசிவு எங்கே என்பதோடு, ஏன் வந்தது என்பதையும் கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. பச்சைத் தோலைப் பதப்படுத்தத் தூவும் உப்பு, கழிவுநீரில் கரைந்து மண்ணில் இறங்கியது. அந்தப் பாதிப்பு எட்டாத கிணறுகளிலும் பாறையின் இயல்பால் கடினத் தன்மை மிகுந்த தண்ணீர் ஊறுவதுண்டு.

குடிநீருக்கான இந்தியத் தரம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் இல்லாத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. மனிதர் பொறுத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் பொறுத்துக்கொள்ளாது. கால்சியமும் மக்னீசியமும் சூடான உலோகத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டி, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். குளோரைடு உப்பு அலுமினியத்தில் ஊசித் துளைகளைக் குடையும். ஒவ்வொரு முறை தண்ணீர் குறையும்போதும் போர் தண்ணீரை ஊற்றினால், ஆவியாகும் நீர் போக உப்பு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே வரும். அதாவது, கசிவைக் கவனிக்காமல் தண்ணீர் ஊற்றுவது அடுத்த கசிவை உருவாக்குகிறது. பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீரும், அந்த வண்டிக்கு உரிய கூலன்டும் மட்டுமே உள்ளே போக வேண்டும். வெவ்வேறு வகைக் கூலன்டுகளைக் கலப்பதும் கூடாது. அவற்றின் துருத்தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்து, சில நேரம் கூழாகத் திரியும்.

சோதனைக்குப் பின்

வேலை முடிந்ததும் கருவியின் வால்வைத் திறந்து அழுத்தம் முழுவதையும் வெளியேற்றிய பிறகே அடாப்டரைக் கழற்ற வேண்டும். பாகம் மாற்றியிருந்தால் மறுபடி ஒரு முறை சோதிக்க வேண்டும். இரண்டாவது சோதனை இல்லாத பழுதுபார்ப்பு அரைகுறையானது. கூலன்ட் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை, அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட முறையில் வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழ் ஹெட்டில் தங்கினால், கசிவே இல்லாத வண்டியும் ஹீட் ஆகும்.

வடித்தெடுத்த கூலன்டைச் சாக்கடையிலோ வயலோரத்திலோ கொட்டக் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடுமாடும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் தனியாக ஒப்படைப்பதே முறை. தண்ணீர் கெட்டதன் துன்பத்தைப் பல பத்தாண்டுகளாக அனுபவிக்கும் வட்டாரத்தில் இந்தக் கவனம் யாருக்கும் சுமையாக இருக்கக் கூடாது.

வேண்டுகோள்

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டுவதும், கடையில் விற்கும் அடைப்புத் திரவத்தை ஊற்றுவதும் நெடுநாள் வழக்கம். நடுவழியில் நிற்கும் வண்டியை அடுத்த ஊர் வரை கொண்டுசேர்க்க அவை உதவலாம். அதற்கு மேல் அவை மருந்தல்ல. ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கும் அறிவு அந்தத் தூளுக்கு இல்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அது அடைக்கும். ஓட்டை எங்கே என்று தெரியாமல் அடைக்க முனைவதும், சோதிக்காமல் பாகத்தை மாற்றுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

ஆகவே பட்டறைக்காரர்களிடம் இம்மடல் கேட்பது இரண்டு: ஒவ்வொரு பட்டறையிலும் ஓர் அழுத்தச் சோதனைக் கருவி இருக்கட்டும், தனியாக வாங்க வசதியில்லாத இடத்தில் அக்கம்பக்கத்துப் பட்டறைகள் கூடி ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ளட்டும். தண்ணீர் குறைகிறது என்று வரும் வண்டியில் எதையும் கழற்றுவதற்கு முன் மீட்டர் முள்ளை உரிமையாளருக்கே காட்டட்டும்; பில்லைப் பற்றிய சந்தேகம் அங்கேயே தீரும். ஓட்டுநர்களிடம் கேட்பதும் இரண்டு: காலையில் வண்டியை எடுக்கும் முன் ரிசர்வ் டேங்கின் கோட்டைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், மூன்றாம் முறை ஊற்றாமல் வண்டியைச் சோதனைக்கு விடுங்கள். கம்பெனி வேனில் அமர்ந்திருக்கும் பெண்களும், மருத்துவமனைக்குப் போகும் நோயாளியும், மலையிலிருந்து இறங்கிவரும் கர்ப்பிணியும் வழியில் நின்றுபோகாத வண்டியை நம்பித்தான் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அரை மணி நேரச் சோதனை பெரிய விலை அல்ல.